சம்பந்திச் சுவரில் ஒரு பெரில்

மேல்குழியம்மாவுக்குக் கோபம் வந்தால் பேச்சில் மரியாதை கூடிவிடும். தன் குழியில் வேலை செய்கிறவர்களை "வாய்யா, போய்யா" என்று விரட்டுகிறவள், கீழ்குழிக்காரரிடம் பேச வேண்டி வந்தால் மட்டும், "உங்க தூசி எல்லாம் பத்திரமா வந்து சேர்ந்துதுங்க சம்பந்தி. வெள்ளைத் துணியா காயப்போட்டிருந்தேன், இப்ப எல்லாம் ஒரே நிறமா ஆயிடுச்சு" என்பாள்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "உங்க மோட்டார் தண்ணியும் குறையில்லாம என் குழிக்கு வந்துருதுங்க சம்பந்தியம்மா. மீன் வளர்க்கலாமான்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்பார்.

வாயில் சர்க்கரை, வயிற்றில் மிளகாய். கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள்தான் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொள்வார்கள்.

இருவரும் ஒரே குன்றின் சரிவில் மேலும் கீழுமாகக் குழி வைத்திருந்தார்கள். அந்தக் குன்றுக்குள் பெக்மடைட் பாறை ஒரு பெரிய நரம்பு மாதிரி ஓடியது. மற்றப் பாறைகளில் கடுகாகவும் அரிசியாகவும் கலந்து கிடக்கிற பொருள்கள் இந்தப் பாறையில் மட்டும் பெட்டி அளவு, பீரோ அளவு வளர்ந்து நிற்கும். இளஞ்சிவப்பாக ஃபெல்ஸ்பார், பால்வெள்ளையாக வெங்கச்சங்கல், ஏடு ஏடாக உரியும் காக்காப்பொன். கிராக்கி ஃபெல்ஸ்பாருக்குத்தான். பீங்கான் ஆலைக்காரர்கள் லாரி லாரியாக வாங்கிப் போய்ப் பொடியாக அரைத்துக்கொள்வார்கள். வெங்கச்சங்கல்லை ஏனென்று கேட்க நாதியில்லை. நரம்பின் நடுவயிற்றில் இருந்த வெங்கச்சங்கல் மொத்தமும் தன் குழிக்குள் வந்து விழுந்ததும், நல்ல ஃபெல்ஸ்பார் பூராவும் கீழே போனதும் மேல்குழியம்மாவின் தீராத மனக்குறை. "பூமியே ஓரவஞ்சனை பண்ணினா மனுஷன் என்ன செய்வான்" என்று அடிக்கடி சொல்லிக்கொள்வாள்.

இரண்டு குழிக்கும் நடுவில் வெட்டாமல் விட்ட பாறைச்சுவர் ஒன்று நின்றது. சுரங்க விதிப்படி அது நிற்க வேண்டும். இரண்டு பக்கத்தாரும் சம்மதிக்காமல் ஒருவரும் அதைத் தொடக் கூடாது. வேலையாட்கள் அதற்குச் சம்பந்திச் சுவர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவளுடைய மகனுக்கும் அவருடைய மகளுக்கும் கல்யாணம் ஆன புதிதில் சம்பந்திகள் நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள். அப்புறம்தான் வினை வந்தது. மகன் ஒரு நாள் அம்மாவின் பழைய பொக்லைனை விட்டு இறங்கி, மாமனாரின் புதுப் பொக்லைனில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அதே மாதத்தில் மருமகள் வெடி வைக்கும் உரிமம் வாங்கிக்கொண்டு, அப்பாவின் குழிக்குப் போகாமல் மாமியாரின் குழிக்கு வந்து சேர்ந்தாள். மகனைப் பறிகொடுத்தோம் என்று இவளும், மகளைப் பறிகொடுத்தோம் என்று அவரும் நினைத்தார்கள். வாய்விட்டுச் சொன்னால் பிள்ளைகளின் வாழ்க்கைக்குக் கேடு. அதனால் தூசியையும் தண்ணீரையும் வைத்து மரியாதையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சுவரை ஒட்டியிருந்த வெங்கச்சங்கல் பாறைக்கு வெடி வைப்பதாக இருந்தது. துளையெல்லாம் போட்டாகிவிட்டது. மருந்து நிரப்புவதற்கு முன்னால் பாறை முகத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிப் பார்ப்பது மருமகளின் வழக்கம். கழுவிக்கொண்டே வந்தவள் சட்டென்று குழாயை மூடினாள்.

"அத்தை, இன்னைக்கு வெடி கிடையாது."

"ஏன், மருந்து நமுத்துப் போச்சா?"

"மருந்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க இங்க வந்து இதைப் பாருங்க."

மேல்குழியம்மா முணுமுணுத்துக்கொண்டே போனாள். பால்வெள்ளைப் பாறைக்கு நடுவில், சுவரின் அடிப்பக்கத்தில், இளம்பச்சையாக ஒரு வட்டம் ஈரத்தில் மினுங்கியது. கிட்டே போய்ப் பார்த்தால் வட்டமில்லை, ஆறு பக்கம். யாரோ அளவெடுத்து அறுத்துவைத்த மாதிரி ஆறு நேர்விளிம்பு.

"எவன் இங்க தண்ணி டிரம்மைக் கொண்டுவந்து புதைச்சான்?" என்றாள்.

மருமகள் சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்து அந்தப் பச்சையின்மேல் அழுத்திக் கீறினாள். கத்திதான் தேய்ந்தது, கல்லில் ஒரு கோடுகூட விழவில்லை. "பெரில், அத்தை. நம்ம ஆளுங்க அப்பப்போ விரல் தண்டிக்குப் பொறுக்கி டப்பாவுல போடுவாங்களே, அதேதான். ஆனா இவ்வளவு பெருசை நான் கேள்விப்பட்டதுகூட இல்ல."

"பச்சையா இருக்கே. மரகதமா?"

"மரகதம்னா கண்ணாடி மாதிரி உள்ள தெரியணும். இது பழைய சோப்புக்கட்டி மாதிரி இருக்கு."

சோப்புக்கட்டியோ சொக்கத்தங்கமோ, மேல்குழியம்மாவுக்கு அதை விட மனமில்லை. அவள் அந்த ஆறு பக்கத்தையும் உள்ளங்கையால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். குளிர்ச்சியாக, வழவழவென்று இருந்தது. பிறகு நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "தார்ப்பாயை எடுத்து மூடு. உங்கப்பாவுக்குத் தெரியக்கூடாது" என்றாள்.

"வீட்ல சொல்லலாமா?"

"வீட்லயும் மூச்சு விடாதே. உன் புருஷன் யாருகிட்ட வேலை பாக்கறான்?"

தார்ப்பாயின் கடைசி மூலையில் கல்லை வைத்து முடிக்கவும், கீழ்குழிப் பாதையில் சம்பந்தி ஏறி வரவும் சரியாக இருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் மேல்குழிக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"வாங்க சம்பந்தி. என்ன இவ்வளவு தூரம்?"

"ஒண்ணுமில்லைங்க சம்பந்தியம்மா. ஒரு நாலஞ்சு நாளைக்கு நீங்க வெடி வைக்காம இருந்தா நல்லா இருக்கும்னு... தலைவலி. சத்தம் ஆகறதில்ல."

இடியே விழுந்தாலும் டீயைக் கீழே வைக்காத மனிதருக்குத் தலைவலி! மேல்குழியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் ஒரு வெடிக்கு இரண்டு வெடியாக வைத்திருப்பாள். இன்றைக்கு அவளுக்கே வெடி வேண்டாம்.

"அதுக்கென்னங்க சம்பந்தி. பத்து நாள் வேணும்னாலும் நிறுத்திடறேன்."

இப்போது அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்கிற ஆளா இது? அவருடைய கண் மெதுவாகத் தார்ப்பாய்ப் பக்கம் போயிற்று. "அங்க என்னங்க மூடி வச்சிருக்கீங்க?"

"சிமென்ட் மூட்டை."

"ஓ" என்றார் அவர். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அன்று சாயங்காலம் மேல்குழியம்மாவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மருமகள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். மகன் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டான். பாதிச் சாப்பாட்டில் மகன் தானாகவே, "மாமா குழியில ஒண்ணும் இல்ல" என்றான்.

"யாரும் கேக்கலையேப்பா" என்றார் மேல்குழியம்மாவின் கணவர். அவர் கடைத்தெருவில் தையல்காரர். கல்லைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. ஆனால் ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். மனைவியின் முகத்தையும் மகனின் முகத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே துணியை ரெண்டு கடையில வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்துக்கொண்டார்.

அந்த வட்டாரத்தில் கல்லைப் பார்த்து இன்னதென்று சொல்ல ஒரே ஒருத்திதான் இருந்தாள். பெரிய படிப்புப் படித்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் குழி குழியாகச் சுற்றுகிறவள். எல்லாரும் அவளைக் கல் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மேல்குழியம்மா அவளைப் போனில் பிடித்து, "வாம்மா, ஆனா யாருக்கும் தெரியாம வா" என்றாள். மறுமுனையில் ஏதோ சிரிப்புச் சத்தம் கேட்டமாதிரி இருந்தது. எதற்குச் சிரிக்கிறாள் என்று அப்போது புரியவில்லை.

கல் டாக்டர் வந்தாள். தார்ப்பாயை விலக்கினாள். முழங்கால் போட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். எழுந்தபோது முகமெல்லாம் பல். "கொஞ்சம் இருங்கம்மா, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, நேராகக் கீழ்குழிக்கு இறங்கிப் போனாள். மேல்குழியம்மாவுக்குப் பகீரென்றது. நம்பி வீட்டுக்குள் விட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்க் கதை சொல்கிறாளே!

பதறிப்போய்ச் சுவர்மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். கீழே, சுவரின் மறுபக்க அடியில், இன்னொரு தார்ப்பாய். பக்கத்தில் சம்பந்தி, கையைப் பிசைந்துகொண்டு. அவர் நிமிர்ந்து பார்த்தார். இவள் குனிந்து பார்த்தாள். திருடனும் திருடனும் ஒரே சந்தில் முட்டிக்கொண்ட மாதிரி ஆயிற்று.

"சிமென்ட் மூட்டைங்களா சம்பந்தி?" என்றாள் மேலேயிருந்து.

"தலைவலி மருந்துங்க சம்பந்தியம்மா" என்றார் அவர்.

கல் டாக்டர் இருவரையும் சுவர்மேல் ஒன்றாக உட்காரவைத்தாள். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல போன் பண்ணி, ரகசியம் ரகசியம்னு சொன்னீங்க. ரெண்டு ரகசியமும் ஒண்ணுதான். சுவருக்குள்ள இருக்கறது ஒரே கல். கீழ்ப்பக்கம் கைத்தடி கனத்துல ஆரம்பிச்சு, வெங்கச்சங்கல் பக்கமா வளர வளர அகலமாகிப் போயிருக்கு. நீளம் ஒரு லாரியோட பின்தட்டு அளவாவது இருக்கும்."

"அப்ப தலை எங்க பக்கம்" என்றாள் மேல்குழியம்மா.

"ஆரம்பம் எங்க பக்கம்" என்றார் அவர்.

"மரகதம்தானே?" என்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள்.

"மரகதத்துக்குச் சித்தி மகள்னு வச்சுக்கோங்க. ஒரே குடும்பம், ஆனா அந்த அழகு இதுக்கு வரல. நகைக்கு ஆகாது. உடைச்சா தாதுக்காரன் எடைபோட்டு வாங்குவான், உலோகம் எடுக்க. முழுசா எடுத்தா தலைநகர அருங்காட்சியகம் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கும். எனக்குத் தெரிஞ்சு இப்படி ஒண்ணை யாரும் முழுசா வெளிய கொண்டுவந்ததில்ல. உடைச்சுட்டுத்தான் பாப்பாங்க."

"என் பாதியை நான் எடுத்துக்கறேன், அவங்க பாதியை அவங்க என்னவோ பண்ணிக்கட்டும்" என்றார் சம்பந்தி.

"எடுங்களேன் பாக்கலாம். சுவரைத் தொட என் சம்மதம் வேணுமே" என்றாள் மேல்குழியம்மா. விதி அவளுக்குச் சாதகமாகப் பேசியது அவளுக்கே புதிதாக இருந்தது. அவருடைய சம்மதம் இல்லாமல் தானும் தொட முடியாது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கணவர் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நீங்க தைச்ச சட்டை தெருவுல நடந்து போகுதில்ல?"

"போகுதே. கடன் சொன்ன சட்டை என்னைப் பாத்தா மட்டும் எதிர்ப்பக்கம் போகும்."

"விளையாடாதீங்க. நான் இத்தனை வருஷமா வெட்டறேன். எதையாவது நீங்க பாத்திருக்கீங்களா? லாரியில ஏறுது, ஆலைக்குப் போகுது, மாவாயிடுது. இது என் குழியில வந்ததுன்னு ஒண்ணைக் காட்ட முடியுமா என்னால?"

அவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "அப்ப முழுசா எடு" என்றார். "சம்பந்திகிட்ட நான் வேணா பேசவா?"

"வேண்டாம். நானே பேசறேன்."

காலையில் முதல் வேலையாக அவளே கீழ்குழிக்கு இறங்கினாள். அவர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, கைத்தடி கனத்தில் நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பச்சை முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உடைக்க மனசு வரலைங்க" என்றார், அவள் கேட்பதற்கு முன்னாலேயே. "சுத்தியலை எடுத்தேன், வச்சுட்டேன்." அவள் கொண்டுபோயிருந்த வாதம் அத்தனையும் வீணாயிற்று. இரண்டு பேரும் சம்மதம் கொடுத்தார்கள்; சுரங்க அதிகாரியும் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப்பின் குன்றில் வெடிச்சத்தம் நின்றுபோயிற்று. கல்லை நெருங்காமல் கையகலம் தள்ளி வரிசையாகத் துளை. துளைக்குள் இரும்பு ஆப்பு. ஆப்பின் தலையில் சம்மட்டியால் மாறி மாறித் தட்டு. பாறை தானாக வாய் பிளக்கும்வரை பொறுக்க வேண்டும். எங்கே துளை, எவ்வளவு ஆழம் என்று சாக்கட்டியால் குறித்தது மருமகள். பெரில் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று கல் டாக்டர் எல்லாருக்கும் முகமூடி கொடுத்து, துளை போடும் இடத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தாள். அந்தத் தண்ணீர்க் குழாயைக் கீழ்குழிக்காரர் தானே கையில் வாங்கிக்கொண்டார். மகள் எந்தத் துளைக்கு நகர்ந்தாலும் அவர் குழாயோடு பின்னாலேயே நகர்ந்தார். அவளுடைய அப்பா அவள் வேலை செய்வதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று மேல்குழியம்மாவுக்குத் தோன்றியது.

மேல்குழியம்மாவுக்கும் பார்க்க ஒன்று இருந்தது. பிளந்த பாறைத்துண்டுகளை மகன் பொக்லைன் கையால் தூக்கி வைத்தான். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவது மாதிரி ஒவ்வொன்றையும் வைத்தான். 'இவனுக்கு இவ்வளவு நிதானம் எங்கேயிருந்து வந்தது? வீட்டில் ஒரு டம்ளரைச் சத்தமில்லாமல் வைக்கத் தெரியாதே' என்று நினைத்தாள்.

மேல்மூடி முழுவதும் விலகிய நாளில் கல் தன் முழு நீளத்துக்கும் படுத்துக் கிடந்தது. கல் டாக்டர் தூரிகையால் துடைத்துக்கொண்டே வந்தாள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். தூரிகை நடுப்பக்கம் வந்தபோது கல்லுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு தெரிந்தது. விரல் கனம். இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை.

உடைந்திருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டதே என்று மேல்குழியம்மா நினைத்தாள். கீழ்குழிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "நேத்து சாயங்காலம் உங்க பக்கத்து ஆளுங்க ஆப்பை ஓங்கி அடிச்சப்பவே நினைச்சேனுங்க சம்பந்தியம்மா..."

அவ்வளவுதான். இத்தனை வருஷம் கட்டிக்காத்த மரியாதை பொத்துக்கொண்டது.

"யோவ்! யாருய்யா ஓங்கி அடிச்சது? உன் பக்கம் தண்ணி அடிக்கறேன்னு நின்னியே, நீ அடிச்ச தண்ணியிலதான் பாறை சறுக்குச்சு!"

"தண்ணியில பாறை உடையுமா? உனக்குப் புத்தி இருக்கா? எல்லாத்தையும் உடைக்கறதே உன் வேலை. என் வீட்டையே உடைச்சவதானே நீ!"

"நானா உடைச்சேன்? புது வண்டியைக் காட்டி என் புள்ளையை ஏத்திக்கிட்டுப் போனது யாரு?"

"என் பொண்ணை நீ இழுத்துக்கலையா? தாயில்லாத பொண்ணுய்யா... பொண்ணும்மா அது! நான் ஒத்தை ஆளா வளர்த்தேன். காலையில என்கூடக் குழிக்கு வரும். இப்ப காலையில என்கூட யாரு வரா?"

கோபத்தில் தொடங்கிய குரல் கடைசியில் கம்மிப்போயிற்று.

அப்போது மருமகள் முகமூடியைக் கழற்றினாள். "அப்பா, அத்தை என்னை இழுக்கல. நான்தான் வந்தேன். பொம்பளப் புள்ளைக்கு வெடி எதுக்குன்னு சொன்னது நீங்க. ஒரு துளை, ஒரே ஒரு துளை போட விட்டிருக்கீங்களா?"

பொக்லைனுக்குள்ளிருந்து மகன் தலையை நீட்டினான். இதுதான் சமயம் என்று அவனும் நினைத்திருக்க வேண்டும். "அம்மா, என்னையும் மாமா ஏத்திக்கல. உன் வண்டியில பிரேக் கிடையாது. நாலு தடவை சொன்னேன். கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்துடான்னு சொன்னே."

வேலையாட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேறெங்கோ பார்த்தார்கள்.

இத்தனை நேரமும் கல் டாக்டர் கல்லின்மேல் கவிழ்ந்து படுத்த மாதிரி பூதக்கண்ணாடியால் அந்த வெள்ளைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிக்கிறாள்.

"முடிஞ்சுதா? நான் பேசலாமா? இது இன்னைக்கு உடைஞ்சதில்ல, நேத்தும் உடைஞ்சதில்ல. மனுஷப் பிறவியே இல்லாத காலத்துல, பூமிக்குள்ள சூடா இருந்தப்பவே முறிஞ்சிருக்கு. முறிஞ்ச இடத்துல வெங்கச்சங்கல் ஊறி வந்து, இறுகி, அப்படியே ஒட்டவச்சிருச்சு. பாருங்க, ஊசி நுழைய இடமில்ல. இந்த வகைக் கல்லுல இது சகஜம். நீங்க போட்ட சண்டைக்கும் இந்தக் கோட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"சம்பந்தம்" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எங்கிருந்தோ ஒரு வேலையாள் களுக்கென்று சிரித்தான். அது அடுத்தவனுக்குத் தொற்றி, குழி முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. மேல்குழியம்மாவும் அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

டீ வந்தது. சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரே பாறையில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

"யோவ்னு சொல்லிட்டீங்களே" என்றார் அவர்.

"நீங்க மட்டும் என்ன, புத்தி இருக்கான்னு கேட்டீங்க."

"கேட்டேன்." ஒரு வாய் டீ குடித்தார். "நெஞ்சுல இருந்த கல்லு இறங்கின மாதிரி இருக்குங்க. என் பொண்ணு நல்லா வேலை செய்யறா."

"அதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவ அங்க இருக்கா."

அவர் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். போய் மகளுக்குப் பக்கத்தில் நின்று, தொண்டையைச் செருமி, "துளையெல்லாம் நேரா இருக்கு" என்றார். "சரிப்பா" என்றாள் அவள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவள் முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொள்ள வெகுநேரம் பிடித்தது. மேல்குழியம்மா தன் பங்குக்குப் பொக்லைன் பக்கம் போய், "அந்தப் பழைய வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுடலாம்டா. உனக்குத் தெரிஞ்ச நல்ல வண்டி ஏதாவது இருந்தா சொல்லு" என்றாள். மகன் கதவை ஓசையில்லாமல் திறந்து இறங்கினான்.

கல்லைத் தூக்குவதற்கு முன்னால் அதற்கு உடுப்புத் தைக்க வேண்டியிருந்தது. தையல்காரர் முதன்முறையாகக் குழிக்கு வந்தார். அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, தலை, இடுப்பு, கால் என்று அளந்துகொண்டு, "ஆடாம அசையாம அளவு கொடுத்த முதல் ஆள் இதுதான்" என்றார். பஞ்சு வைத்த கனமான மெத்தையுறை ஒன்றை நாலு பக்கமும் நாடாவோடு தைத்துக் கொண்டுவந்தார். கல் டாக்டர் ஆஸ்பத்திரியில் கை முறிந்தால் போடுகிற மாதிரி மாவுக்கட்டுப் போட்டாள். அதற்குமேல் உறை, அதற்குமேல் மரச்சட்டம். மகன் தூக்கினான். கல் தரையைவிட்டு எழுந்து காற்றில் தொங்கிய அந்த நேரத்தில் சம்பந்திகள் இருவரும் தங்களை அறியாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், விழுந்தால் தாங்கிவிடுவார்கள் போல.

தலைநகர அருங்காட்சியகத்துக்கு எல்லாரும் அதே லாரியில் போனார்கள். வாசல் வழியாகக் கல் தாராளமாக நுழைந்தது. உள்ளே நடைவழி திரும்புகிற இடத்தில்தான் மாட்டிக்கொண்டது. கண்காணிப்பாளர் மோவாயைத் தடவினார்.

"ஏற்கெனவே நடுவுல ஒரு கோடு இருக்குன்னு சொல்றீங்க. அந்த இடத்துல அறுத்து ரெண்டா கொண்டுபோயிட்டா சுலபமா இருக்குமே?"

மேல்குழியம்மா ஒரு பக்கமும் கீழ்குழிக்காரர் மறுபக்கமுமாக அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் விட்ட இடத்திலிருந்து இவர் தொடங்கினார், இவர் மூச்சு வாங்கிய இடத்தில் அவள் தொடங்கினாள். கடைசியில் பெரிய கூடத்தின் ஜன்னல் ஒன்றைச் சட்டத்தோடு கழற்றிவைத்து, அந்த வழியாகக் கல் உள்ளே போயிற்று. ஜன்னலைத் திரும்ப மாட்டித் தருவதாக மருமகள் வாக்குக் கொடுத்தாள். தன் வாழ்நாளில் வெடியில்லாமல் இத்தனை பெரிய ஓட்டை போட்டதில்லை என்றும் சொன்னாள்.

மறுநாள் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். கட்டெல்லாம் பிரித்து, விளக்குப் போட்டு, கல் ஒரு மேடையில் படுத்திருந்தது. கைத்தடி கனத்திலிருந்து டிரம் அகலம்வரை இளம்பச்சை, நடுவில் அந்த வெள்ளை. மேல்குழியம்மா ஒரு தூணோரம் நின்று பார்த்தாள். கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் வந்தார்கள். கணவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சிமென்ட்ல செஞ்சு வர்ணம் அடிச்சிருக்கான்" என்றான்.

மேல்குழியம்மா தூணைவிட்டு வெளியே வந்தாள். கோபம் வரவில்லை. உண்மையில் அப்படியொரு வாய்ப்புக்காகத்தான் அவள் காலையிலிருந்து காத்திருந்தாள். "தம்பி, இப்படி வாங்க. இந்த விளிம்பைப் பாருங்க. இதை யாரும் செய்யலை. எங்க குழியில வந்தது" என்று தொடங்கினாள். அவர்கள் போய் அடுத்தவர்கள் வந்தார்கள். அவளுக்கு மறுபடி சொல்லத் தோன்றியது, சொன்னாள். கல்லின் மெல்லிய முனைப்பக்கம் சம்பந்தியைச் சுற்றி இன்னொரு கூட்டம் நின்றது. மணி அடித்து வெளியே அனுப்பும்வரை இரண்டு பேரும் நகரவில்லை.

காலி லாரியில் திரும்பும்போது பேச்சு வேறெங்கோ போயிற்று. சுவரில் பாதி போய்விட்டது. மீதியையும் எடுத்து இரண்டு குழியையும் ஒன்றாக்கிவிட்டால் தண்ணீருக்கும் தூசிக்கும் வழி பிறக்கும் என்று மகன் சொன்னான். நல்ல யோசனை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

"அப்ப பேரு மேல்குழின்னே இருக்கட்டும். மேல இருக்கறதுதானே முதல்ல கண்ணுல படும்" என்றாள் மேல்குழியம்மா.

"கல்லு ஆரம்பிச்சது கீழ. பேரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும்" என்றார் அவர்.

"நடுக்குழின்னு வைங்களேன்" என்றார் தையல்காரர், பாதித் தூக்கத்தில்.

இருவரும் ஒரே குரலில் அவரைச் சும்மா இருக்கச் சொன்னார்கள். ஓட்டிக்கொண்டிருந்த மருமகள் கியரை மாற்றினாள். ஊர் வருவதற்கு இன்னும் வெகுதூரம் இருந்தது, சண்டை போடுவதற்கு வேண்டிய நேரமும் இருந்தது.